ஆலை வாசலில் அழுத ஆள்

அத்தியாயம் 6

அந்த ஆள் மறுபடியும் அழுதான்.

திரையில் அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே கஸ்பார் சாண்ட்விச்சின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் அழறான் மேடம். என் கல்யாணத்துல என் மாமனார்கூட இவ்வளவு நல்லா அழல. அவருக்காவது காரணம் இருந்துச்சு."

ஆர்மெல் சிரிக்கவில்லை. பாரிஸில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. உதவியாளர் கஸ்பாருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைத்தவர். முன்பு சேர்கிறவர்களைப் படம் எடுத்தேன், இப்போது பிரிகிறவர்களை எடுக்கிறேன், ஆட்கள் என்னவோ அதேதான் என்று சொல்லித் திரிவார்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஓதிலின் படத்தொகுப்பு அறையில். ஆவணப்பட இயக்குநர் ஓதில் ஒரு வருடமாகக் கேமராவும் கையுமாக கிலேம் வெர்னேயின் பின்னாலேயே அலைந்திருந்தாள். வெர்னே நாற்பத்தோரு வயதில் ஜனாதிபதி நாற்காலிக்குக் குறிவைத்தவர். போன வருடம் வரை தொழில்துறை இணை அமைச்சர். பதவியை உதறிவிட்டுச் சொந்தக் கட்சி தொடங்கினார். இடதும் இல்லை வலதும் இல்லை, நடுவழி என்பது அவர் கோஷம். நடுரோட்டில் நடக்கிறவனுக்கு இரண்டு பக்க ஹாரனும் கேட்கும், லாரி மட்டும் கண்ணில் படாது என்பது கஸ்பாரின் விமரிசனம்.

ஆனால் லாரி வரவே இல்லை. வெர்னேயை மேலே தூக்கிவிட்டது ஓதில் எடுத்த ஒரே ஒரு காட்சி. ஆர்தென் மலைப்பக்கத்தில் ரோஷ்வால் என்கிற சின்ன ஊர். அங்கே மூடப்போகிற அடுப்புத் தொழிற்சாலை ஒன்றின் வாசலுக்கு வெர்னே போகிறார். முட்டை பறக்கிறது, கூச்சல் எழுகிறது. ஆலையின் நீலச் சட்டை போட்ட ஒரு தொழிலாளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் முன்னால் வந்து நிற்கிறான். கை ஓங்கியிருக்கிறது. ஏதோ சொல்ல வாய் திறக்கிறான். அதற்குள் வெர்னே அவனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான், அவன் உடைந்து அழுகிறான். பின்னணியில் வயலின். முன்னோட்டமாக ஓதில் வெளியிட்ட அந்தத் துண்டை நாடே பார்த்தது. எதிரியையும் அணைக்கிறவர் என்று பேர் வந்தது.

இப்போது ஒரு வாரப் பத்திரிகை குண்டு போட்டிருந்தது. அழுதவன் வாடகை நடிகன், ஆலையில் ஒருத்தருக்கும் அவனைத் தெரியாது என்று. அடுத்த புதன்கிழமை படம் ஒளிபரப்பாக வேண்டும். ஆளைக் கண்டுபிடித்து உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படம் கிடையாது என்று டி.வி. நிறுவனம் கையை விரித்துவிட்டது. அதனால்தான் ஓதில் ஆர்மெலைக் கூப்பிட்டிருந்தாள்.

"நான் எதையும் ஏற்பாடு பண்ணல. அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் ஓதில்.

வயலினை எடுத்துவிட்டு நிஜச் சத்தத்தோடு பார்க்கலாமா என்று ஆர்மெல் கேட்டாள். வெறும் கூட்டத்து இரைச்சல்தான், ஒன்றும் பிரயோஜனமில்லை என்றாள் ஓதில்.

கஸ்பார் திரையை நோக்கி விரலை நீட்டினார். "அங்க நிறுத்துங்க. இவன் முன்னால வந்து நிக்கறப்ப இவன் நிழல் வெர்னே மூஞ்சில விழுது. உடனே அரை அடி ஒதுங்கறான் பாருங்க. அடிக்க வந்தவன் எவனாவது அடிவாங்கறவன் மூஞ்சிக்கு வெளிச்சம் விடுவானா? கேமரா பழகின ஆள் மேடம்."

ஓதிலின் முகம் வெளுத்தது. நடிகனேதானா என்று அவள் முணுமுணுத்தாள். ஆர்மெல் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"கஸ்பார், உங்க சட்டையில பொத்தான் எந்தப் பக்கம்?"

"வயித்துப் பக்கம் ரெண்டு இல்ல, மத்ததெல்லாம் வலப் பக்கம்."

"இவன் சட்டையில இடப் பக்கம் இருக்கு. கையும் குட்டை. இது பொம்பளைங்க போடற சட்டை. வாடகைக்கு நடிகன் கூட்டிட்டு வர்றவங்க அளவு பாத்துத்தான் சட்டை தருவாங்க. இவன் வீட்டு ஆணியில தொங்கினதை எடுத்து மாட்டிட்டு வந்திருக்கான்."

*

மறுநாள் ரோஷ்வாலில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஆலை வாசலில் தொழிலாளர்கள் தார்பாய்ப் போராட்டப் பந்தல் போட்டிருந்தார்கள். இரும்புப் பீப்பாயில் மரப்பலகைகள் எரிந்தன. அதன்மேல் கம்பித் தட்டு வைத்து யாரோ மசாலா சாஸேஜ் புரட்டிக்கொண்டிருந்தார். பாரிஸ்காரர்கள் என்று தெரிந்ததும் பேச்சு நின்றது. கஸ்பார் ஒரு சாஸேஜ் கேட்டு வாங்கி, நெருப்பில் கையைக் காட்டியபடி, இது உங்கள் ஆலை அடுப்பா என்று விசாரித்தார். இதுதான் கடைசி மாடல், விற்பனைக்கு வராது என்று யாரோ பதில் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆர்மெல் அழுதவனின் படத்தை எடுத்துச் சுற்றிக் காட்டினாள். பொதுவாக ஒரு போட்டோவைக் காட்டினால் மனிதர்கள் போட்டோவைத்தான் பார்ப்பார்கள். இங்கே ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் ஒரு நொடி மூலையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண்மேல் போய்விட்டுத் திரும்பியது. அப்புறம் வரிசையாகத் தெரியாது, தெரியாது, நம்ம ஆள் இல்லை என்றார்கள்.

"பத்திரிகைக்காரன் வந்தப்பவும் இதத்தான் சொல்லியிருக்காங்க. பாவம், அவன் பதிலைக் கேட்டிருக்கான், கண்ணைப் பாக்கல" என்று கஸ்பார் ஆர்மெலின் காதோடு சொன்னார்.

அந்தப் பந்தலில் எல்லோரும் நீலச் சட்டையில் இருந்தார்கள். மூலையில் நின்ற பெண் மட்டும் பழுப்புக் கம்பளி கோட்டில் இருந்தாள். பேர் நதேஜ். இரும்புத் தகடு வளைக்கும் அழுத்து எந்திரப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்த்தவள் என்பதை சாஸேஜ் புரட்டியவரிடம் கஸ்பார் ஏற்கெனவே கறந்திருந்தார்.

ஆர்மெல் அவளைப் பந்தலுக்கு வெளியே கூட்டிப்போனாள். மழைச் சத்தத்தில் மெதுவாகத்தான் பேசினாள். நதேஜ் அவள் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் சட்டை எங்கே என்று ஆர்மெல் கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்றாள்.

"டி.வி.யில பாத்தேன் உங்க சட்டையை."

நதேஜ் ஆலைப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் பேர் ஜோயல், அவள் புருஷன். அவன் ஆலை வாசலில் அழுத அன்றே பெட்டியைக் கட்டி வெளியே வைத்துவிட்டாள். வேலையைப் பிடுங்கினவனுடைய தோளில் போய் ஊர் பார்க்க அழுதால் யார்தான் பொறுப்பார்கள்? பந்தலில் இருந்தவர்கள் அவள் மானத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

"நடிச்சாரா?" என்று ஆர்மெல் கேட்டாள்.

"அவருக்கு நடிக்கத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா என்கிட்ட நல்லா நடிச்சிருப்பார்." கோட்டுக் காலரை இழுத்து மூடிக்கொண்டாள். "பக்கத்து டவுன் சார்லெவில்ல சவ வண்டி ஓட்டறார். அங்க போய்க் கேளுங்க."

*

கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கறுப்பு வண்டி நின்றது. உள்ளே அடக்கம் நடந்துகொண்டிருந்தது. ஜோயல் கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, துடைத்துவைத்த பூட்ஸ் என்று வண்டியின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றிருந்தான். இறந்தவரின் உறவினர் ஒருவர் தோட்டத்து வாசலைக் கைப்பேசியில் படம் எடுக்க வந்தபோது, அவன் யாரும் சொல்லாமலே சத்தமில்லாமல் இரண்டடி பின்வாங்கிப் படத்திலிருந்து விலகிக்கொண்டான்.

கஸ்பார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் ஒரு மடையன் மேடம். கேமராவுக்கு முன்னால நின்னு பழகினவன் இல்ல இவன். பெரிய மனுஷங்க பக்கத்துல நின்னு, கேமராவிலேருந்து ஒதுங்கியே பழகினவன். எந்தப் பெரிய மனுஷன்னு கேட்டுப் பாருங்க."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நதேஜின் பேரைச் சொன்னதும் அவன் உடம்பு தளர்ந்தது. இணை அமைச்சராக வெர்னே இருந்த மூன்று வருடமும் அவர் காரை ஓட்டியவன் ஜோயல்தான். பதவியை விட்டபோது அவர் எல்லோரையும் கை குலுக்கி அனுப்பினார். புதுக் கட்சியில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார், கூப்பிடவில்லை. அதுகூடப் பெரிசில்லை என்றான். மழைக்கு வண்டிக்குள் ஏறிக்கொள்ளச் சொன்னான். மூவரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இந்த வேலை பரவாயில்லயா?" என்று கஸ்பார் கேட்டார்.

"நல்ல வேலைங்க. பின்னாடி இருக்கறவங்க போன் பேசமாட்டாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவனே பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு, யாரோ தள்ளிவிட்டதுபோல, நிறுத்தாமல் சொல்லி முடித்தான்.

போன வருடம், பதவியில் இருந்த கடைசி மாதங்களில், ராஞ்ஸிலிருந்து பாரிஸ் திரும்பும்போது வெர்னே பின்சீட்டில் போனில் பேசினார். எதிர்முனையில் ரோஷ்வால் ஆலையின் முதலாளி. மூடிக்கொள்ளுங்கள், நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் நான் பதவியை விட்ட பிறகு அறிவியுங்கள், அதுவரை ஒருத்தருக்கும் தெரியவேண்டாம் என்றார். டிரைவர் காதில் விழுகிறதே என்ற யோசனைகூட அவருக்கு இருக்கவில்லை. வண்டிக்குள் கேட்டது வண்டிக்குள்ளேயே போய்விட வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் பாடம். ஜோயலும் அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவன்.

"அந்த வாரம் நதேஜுக்கு ராஞ்ஸ்ல ஒரு ஆஸ்பத்திரி சமையல்கட்டுல வேலை வந்துச்சு. நிரந்தர வேலை. லீவுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தப்ப என்னைக் கேட்டா, போகட்டுமா, இங்கயே இருக்கட்டுமான்னு." அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "உன் இஷ்டம்னு சொன்னேன். அவ ஃபிரண்ட்ஸை விட்டுட்டுப் போக மனசில்லாம இங்கயே இருந்துட்டா."

வெர்னே ஆலை வாசலுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்ட நாளில் அவனால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஆலைச் சட்டை போட்டவர்களை மட்டும்தான் போலீஸ் கிட்டே விடும் என்று தெரியும். நதேஜ் போலீஸ் வருவதற்கு முன்பே, விடியற்காலையில், கம்பளிக் கோட்டோடு போயிருந்தாள். அவள் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். அத்தனை கேமரா முன்னாலும் அந்தப் போன் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனான்.

"என்னைப் பாத்ததும் அடையாளம் கண்டுக்கிட்டார். நான் வாயைத் திறந்தேன். இழுத்து அணைச்சுக்கிட்டார். காதுல சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"'நதேஜ்கிட்ட நீயும்தான் சொல்லல, ஜோயல்.'"

வண்டிக் கண்ணாடியில் மழை வழிந்தது. கஸ்பார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துல அவ பேரை, இந்த ஆலையில வேலை பாக்கறான்னு, ஒரு தடவை சொல்லியிருப்பேன்" என்றான் ஜோயல். "ஞாபகம் வச்சிருந்தார். எல்லார் பேரும் அவருக்கு ஞாபகம் இருக்கும். அதத்தான் எல்லாரும் புகழறாங்க."

வேலைக்குக் கெஞ்சி அழுதான் என்றுதான் நதேஜ் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே நினைக்கட்டும் என்றான். கோழையோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தினோம் என்பதை அவள் தாங்கிக்கொள்வாள். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவனோடு என்பதைத் தாங்கமாட்டாள். பத்திரிகையில் வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாதீர்கள் என்று இரண்டு கையையும் கூப்பாத குறையாகக் கேட்டான். ஆர்மெல் தலையை அசைத்தாள். அசைத்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

*

ஓதிலிடம் அவள் எண்ணி எண்ணித்தான் பேசினாள். அழுதவன் நடிகன் இல்லை. ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் புருஷன். மனைவியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். கண்ணீர் நிஜம். இவ்வளவையும் எழுத்தில் தருகிறேன், பேரைத் தரமாட்டேன் என்றாள். முன்பு என்ன வேலை பார்த்தான், அணைப்பில் என்ன நடந்தது என்பதையெல்லாம் தொடவே இல்லை.

ஓதில் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். போதும், டி.வி.காரர்களுக்கு இது தாராளமாகப் போதும் என்றாள். கண் கலங்கியிருந்தது. "பாவம் ஜோயல். நிஜமாவே அவ்வளவு வலிச்சிருக்கு."

கஸ்பார் தும்மப்போனவர் நிறுத்திக்கொண்டார்.

"பேர் நான் சொல்லலயே" என்றாள் ஆர்மெல்.

ஓதில் எதையும் மறுக்கவில்லை. ஆலை வாசலுக்குப் போன அன்று நாள் முழுக்க வெர்னேயின் கோட்டுக்குள் அவளுடைய சின்ன மைக் இருந்தது. கூட்டத்தில் வேறெதுவும் ஒழுங்காகப் பதியவில்லை என்பது நிஜம். ஆனால் அணைத்தபோது மைக் இரண்டு நெஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த ஒரு வரி மட்டும் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. யார் நதேஜ், யார் ஜோயல், எதைச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. நடிகனா இல்லையா என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"அதனாலதான் வயலினா?" என்று கஸ்பார் கேட்டார்.

"ஒரு வருஷம் உழைச்சிருக்கேன். அவரும் எதையோ மறைச்சார்னு காட்டற அந்த வரியை வெளியில விட்டா அவர் தோத்துடுவார். தோத்துப்போனவனைப் பத்தின படத்தை யார் பாப்பாங்க?"

ஆர்மெலின் கையில் ஆயுதம் இருந்தது. வாரப் பத்திரிகைக்கு ஒரு போன் போட்டால் போதும். அந்தப் போன் ரோஷ்வாலில் பழுப்புக் கோட்டுக்காரியின் தலையில்தான் முதலில் இடியாக இறங்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. 'அழுதவர் நடிகர் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவந்தாள். அவள் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. படி இறங்கும்போது, உண்மை எழுதியே ஒருத்தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம், இது நம் தொழிலுக்குப் புதுசு என்றார் கஸ்பார்.

புதன்கிழமை படம் ஒளிபரப்பானது. தேர்தலின் முதல் சுற்றில் வெர்னே முன்னால் வந்தார். முதல் இரண்டு பேர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றில் அவரை எதிர்த்து நின்றவன், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களை மூட்டை கட்டி அனுப்பப்போவதாக மேடைக்கு மேடை சத்தியம் செய்தவன். வெர்னே ஜனாதிபதி ஆனார்.

*

அதற்கு மறுநாள் நதேஜ் ஆர்மெலின் அலுவலகத்துக்கு வந்தாள். ஆலைக்காரர்கள் ஊர்வலத்துக்காக பாரிஸ் வந்திருந்தார்கள். கோடையில் ஆலைக்குப் பூட்டு போடுவது உறுதியாகிவிட்டது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள். ஜோயல் உங்களிடம் பேசினாரா என்று கேட்டாள். ஆர்மெல் வார்த்தையைத் தேடினாள்.

"தேடாதீங்கம்மா. எனக்குத் தெரியும்."

அன்றைக்கு ஜோயலின் முதுகுக்குப் பின்னால், நாலு கை தூரத்தில், வெர்னேயின் முகத்துக்கு நேர் எதிரே அவள் நின்றிருந்தாள். அணைத்த நொடியில் கேமராக்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றிப்போய் ஜோயலின் முகத்தில் இருந்தன. அழுத்து எந்திரத்துச் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொண்டுதான் வேலை; நாள் முழுக்க அங்கே வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஜோயலின் தோளுக்கு மேலே அசைந்த அந்த உதடுகளை அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். படித்ததும், உன் இஷ்டம் என்று அவன் சொன்ன சாப்பாட்டு வேளை ஞாபகம் வந்தது. அழுததற்காக இல்லை, அதற்காகத்தான் பெட்டியை வெளியே வைத்தாள்.

"அப்ப ஏன் நீங்க வெளியில சொல்லல?" என்று ஆர்மெல் கேட்டாள். "வெர்னே கதை அன்னிக்கே முடிஞ்சிருக்குமே."

"ஜோயல் கதையும் முடிஞ்சிருக்கும். எங்க ஊர்ல முந்நூறு குடும்பத்துக்கு வேலை போச்சு. இவருக்கு முன்னாடியே தெரியும்னு ஆச்சுன்னா எந்தத் தெருவுல நடப்பார்? கோழைன்னு சிரிச்சுட்டுப் போகட்டும். சிரிச்சா ஆள் சாகமாட்டார்." கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. என் முகத்தைப் பாக்க ஒரு வழியாவது அவருக்கு இருக்கட்டும்."

வந்ததுக்கு ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்றாள். அவர் உங்களிடம் சொன்னபோது, இங்கேயே இருந்துவிட்டது நான்தான் என்று என்மேல் பழி போட்டாரா? இல்லை என்றாள் ஆர்மெல். நதேஜ் தலையாட்டிவிட்டு, ஊர்வலம் கிளம்பிவிடும் என்று படியிறங்கிப் போனாள்.

கஸ்பார் ஜன்னலைச் சாத்தினார். தெருவில் புது ஜனாதிபதியின் கொடியோடு நாலைந்து பேர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"விசித்திரமான கேஸ் மேடம். ஜோயலுக்குத் தெரியும், பொண்டாட்டிக்குத் தெரியும், படம் எடுத்தவளுக்குத் தெரியும். ஏமாந்தவன்னு ஒருத்தன்கூட இல்ல."

"ஓட்டுப் போட்டவங்களை விட்டுட்டீங்க."

"நான் தெரிஞ்சேதான் போட்டேன்" என்றார் கஸ்பார், திரும்பிப் பார்க்காமல். "என் மாடி வீட்டுல மாலி நாட்டுக் குடும்பம் இருக்கு, மூணு குழந்தைங்க. எதிர்ல நின்னவன் ஜெயிச்சிருந்தா அவங்க எங்க போவாங்க? மூக்கைப் பிடிச்சுட்டு வெர்னே சீட்டைப் போட்டுட்டு வந்தேன். நீங்க?"

ஆர்மெல் மேஜை விளக்கை அணைத்தாள். அவளும் அதைத்தான் செய்திருந்தாள்.